கோல் கம்பத்துக் காவல்காரர்



2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அண்மையில் எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினோம். படம் முடிந்ததும் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், "ஐயா, அந்தக் கோல்கீப்பர் முத்து உண்மையிலேயே இருந்த ஆளா?" என்று கேட்டான்.

கேட்டவன் யார் தெரியுமா? வேகமாக ஓடமாட்டான் என்று மற்றவர்கள் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்திவைக்கும் பையன். தோட்டத்துத் திடலில் அது ஒரு தண்டனை மாதிரிதான். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். பந்தை விட்டவனுக்குத் திட்டு.

முத்து கற்பனைப் பெயர். அந்தப் பாத்திரத்துக்குச் சாயல் தந்தவர் ஆர். ஆறுமுகம். 1953-இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளை விரித்து அவர் பாயும் அழகைக் கண்டு ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். நான் அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் அல்லன். பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்கள் காப்பிக் கடையில் பேசக் கேட்டவன். அங்கிருந்து மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம் அல்லவா!

கோல் கம்பங்களுக்கு இடையே 24 அடி அகலம். உயரம் 8 அடி. எவ்வளவு நீண்ட கையானாலும் அவ்வளவையும் அடைக்க முடியுமா? வீட்டில் விளக்குக்கு அருகே கையை நீட்டிப் பாருங்கள். சுவரில் நிழல் பெரிதாக விழும். கையைச் சுவர்ப் பக்கம் கொண்டு போனால் நிழல் சுருங்கும். கோல் காவலர் பந்தை நோக்கி நாலு எட்டு முன்னே வருவதும் இதற்காகத்தான். உதைப்பவன் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒரு எட்டு அதிகமாகப் போனாலோ, பந்து தலைக்கு மேலே போய்விடும். அந்தக் கணக்கைக் கண் இமைக்கும் நேரத்தில் போட வேண்டும். ஓடாத பையனுக்கு ஒதுக்கும் வேலையா இது?

1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை எதிர்த்து நம்மவர்கள் ஆடினார்கள். தடுப்பு வரிசையில் சோ சின் ஆன், சந்தோக் சிங்; அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகம். சபாவின் ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் 2-1 என்று மலேசியா வென்றது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபாக்காரர் எல்லாரும் ஒரே சட்டையில் நின்று பெற்ற வெற்றி.

அதன் பலன்தான் கைக்கு வரவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவும் அந்த வரிசையில் சேர்ந்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அரசுகளின் முடிவுக்கு அரசுகளின் காரணம் உண்டு. அதை நான் இங்கே வாதிட வரவில்லை. ஆனால் கூலி பேசி, மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு வந்த பிறகு "இன்று பால் வாங்கவில்லை" என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்குப் பின் மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

"பந்து உதைத்தால் சோறு வருமா?" என்று பெற்றோர் கேட்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கும் ஆட்டம் சோறு போடவில்லை. பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி. வீரர்களுக்கு ஊதியம் தரும் அரைத் தொழில்முறை லீக் 1989-இல்தான் தொடங்கியது. ஆறுமுகம் அதற்குச் சற்று முன்னர், 1988 டிசம்பரில், சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 35.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அவர் கை எவ்வளவு நீளம் ஐயா?"