மூலை உதைக்கு உயரம் வேண்டுமா?

நம் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் காற்பந்துப் போட்டிகளைத் திடலோரம் நின்று காணும் பெற்றோர் ஒரு முடிவுக்கு மிக எளிதில் வந்துவிடுகின்றனர். எதிர்க்குழு மூலை உதையிலிருந்து கோல் போட்டுவிட்டால், "அவர்கள் பிள்ளைகள் நெட்டை, நம் பிள்ளைகள் குட்டை. என்ன செய்ய முடியும்?" என்பர். அடுத்த ஆண்டு குழுவுக்கு ஆள் எடுக்கும்பொழுது இவ்வெண்ணமே முந்திக்கொண்டு நிற்கும். பந்தை நிறுத்தத் தெரியாத நெடிய மாணவன் குழுவில் இடம் பெறுவான். பந்து காலோடு ஒட்டிக்கொண்டாற்போல் ஆடும் சிறுவனோ தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னே வருவான். மாணவர் தொகை குறைந்த தோட்டப் பள்ளிகளில் இத்தகைய ஒருவனை இழப்பதும் பேரிழப்பே. இவ்வழக்கம் தவறானது என்பதும், மூலை உதை உயரத்தை மட்டும் நம்பிய கலையன்று என்பதும் எமது துணிபு.

முதலில் விதியை நோக்குவோம். தற்காப்புக் குழுவினர் மீது கடைசியாகப் பட்ட பந்து, கோல் ஆகாமல் கோல் கோட்டைக் கடந்தால், தாக்கும் குழுவுக்கு மூலை உதை கிடைக்கும். எதிராளிகள் மூலை வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உதைத்தவன், வேறொருவர் மீது பந்து படும்வரை அதனை மீண்டும் தொடலாகாது. மூலை உதையிலிருந்து நேரே வரும் பந்தைப் பெறுபவனுக்கு ஆப்சைடு கிடையாது. 1924ஆம் ஆண்டுமுதல் மூலையிலிருந்து நேரடியாகவே கோல் போடவும் விதி இடந்தருகிறது. அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜெண்டினாவின் செசாரியோ ஒன்சாரி, ஒலிம்பிக் வெற்றிக் குழுவான உருகுவேக்கு எதிராக அவ்வாறு ஒரு கோல் போட்டார். அத்தகைய கோலுக்கு 'ஒலிம்பிக் கோல்' என்ற பெயர் நிலைத்தது. 2025ஆம் ஆண்டில் புதியதொரு விதியும் வந்துள்ளது. கோல் காவலர் எட்டு விநாடிகளுக்குமேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிர்க்குழுவுக்கு மூலை உதை கொடுக்கப்படும். ஆகவே மூலை உதையின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

உயரமே எல்லாம் என்போர் 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும். டர்பன் நகரில் ஸ்பெயின் ஜெர்மனியை எதிர்த்தது. ஓங்கிய உடலமைப்புக் கொண்ட குழு ஜெர்மனி. 73ஆம் நிமிடத்தில் சாவி மூலையிலிருந்து பந்தை அனுப்பினார். கார்லஸ் புயோல் அதனைத் தலையால் மோதிக் கோலாக்கினார். அந்த ஒரு கோலே வெற்றி தந்தது. புயோலின் உயரம் 178 செண்டிமீட்டர்தான். அவர் கோல் முகத்தில் காத்து நிற்கவில்லை. தூரத்தில் நின்று, பந்து உதைக்கப்பட்டதும் பாய்ந்து ஓடிவந்து எழும்பினார். நின்ற இடத்திலிருந்து குதிப்பவனைவிட ஓடிவந்து குதிப்பவன் உயரே செல்வான் என்பதை நம் பிள்ளைகள் வாய்க்காலைத் தாண்டும்பொழுதே அறிந்திருக்கின்றனர்.

ஆயினும் பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்துதல் கூடாது. முழு அளவுக் கோலின் உயரம் 2.44 மீட்டர், அகலம் 7.32 மீட்டர். பதினொரு வயதுக் கோல் காவலனுக்கு அது ஒரு வீட்டு வாசல் அன்று, கொட்டகை வாசல். அவ்வயதில் மூலையிலிருந்து உதைக்கப்படும் பந்து பெரும்பாலும் உயரே பறந்து கோல் நடுவை எட்டுவதில்லை. அண்மைக் கம்பத்துக்கு முன்னரே தாழ்ந்து விழும். அங்கே ஒருவர் கால் பட்டும் மற்றொருவர் முழங்கால் பட்டும் கோலாகிவிடும். தொடக்கப் பள்ளி ஆட்டங்களில் மூலை உதையால் விழும் கோல்களில் பல இவ்வகையினவே. இதில் உயரத்துக்கு என்ன வேலை?

எனவே தற்காக்கும்பொழுது, குழுவில் அச்சமற்றவனும் கால் சுறுசுறுப்புள்ளவனுமான ஒருவனை அண்மைக் கம்பத்துக்குச் சற்று முன்னே நிறுத்துக. முதலில் வரும் தாழ்ந்த பந்தை அவன் வெட்டிவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். ஆளுக்கு ஆள் காவல் காப்பதா, இடத்துக்கு இடம் காவல் காப்பதா என்பது பெரிய குழுக்களின் பயிற்றுநர்களிடையே ஓயாத விவாதம். பிள்ளைகளுக்கு இடக்காவலே ஏற்றது என்போம். ஆட்காவலில் நிற்கும் சிறுவன் பந்து எழும்பியதும் அண்ணாந்து அதனையே பார்ப்பான். அவன் காக்க வேண்டிய எதிராளி அதற்குள் பின்புறமாக நழுவிவிடுவான். இடக்காவலிலோ, "இந்த மூன்றடி என்னுடையது" என்ற பொறுப்பு எளிதில் மனத்தில் பதியும். எதிர்க்குழுவில் மிகச் சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் இருப்பின் அவனுக்கு மட்டும் ஓர் ஆளை ஒட்டவைக்கலாம்.

வெட்டிய பந்து நடுவே போகலாகாது, பக்கவாட்டில் போகவேண்டும். கம்பத்தருகே நின்றவன் உடனே வெளியே ஓடிவர வேண்டும். அவன் கோட்டிலேயே நின்றால், திரும்பி வரும் பந்துக்கு எதிராளி எவனும் ஆப்சைடு ஆகான். எல்லாரையும் கோல் முகத்தில் குவிக்கவும் வேண்டா. ஒருவனை நடுக்கோட்டருகே விட்டு வையுங்கள். அவனைக் காக்க எதிர்க்குழு இருவரைப் பின்னே நிறுத்தும்.

கோல் காவலனுக்கு ஒரு சொல். நீண்ட கரங்களால் 'ஸ்பைடர்மேன்' என்று மலேசியா முழுதும் அழைக்கப்பட்ட ஆர். ஆறுமுகத்தைப் பற்றித் தாத்தாமார் இன்றும் பேசக் கேட்கலாம். அக்கைகள் எல்லாருக்கும் வாய்க்கா. ஆனால் குரல் எல்லாருக்கும் உண்டு. "கீப்பர்!" என்று உரக்கக் கூவிக்கொண்டு காவலன் வெளியே வந்தால் தன் குழுவினர் வழிவிடுவர். பிடிக்க இயலாத பந்தை இரு முட்டிகளாலும் சேர்த்துக் குத்துதல் நலம்.

தாக்குதலில் நாம் மிகவும் விரும்புவது குறுகிய மூலை உதை. அருகில் வரும் தோழனுக்குப் பந்தைத் தரையோடு தள்ளி, இருவராகச் சேர்ந்து உள்ளே புகுவதாகும் அது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாணவர்கள் அடிக்கடி சிக்குவதும் அதிலேதான். முதல் உதைக்கு ஆப்சைடு இல்லையாயினும் இரண்டாம் உதைக்கு உண்டு. பந்தைத் தள்ளியவன் மூலையிலேயே நின்றுகொண்டு தோழனிடமிருந்து திரும்பப் பெற்றால், பெரும்பாலும் நடுவரின் ஊதல் ஒலிக்கும். தள்ளிய மறுகணமே அவன் பந்துக்குப் பின்னால் ஓடிவந்துவிட வேண்டும். இந்த நான்கு எட்டு ஓட்டத்தை நூறு முறை பழகினாலும் தகும்.

விழிப்பு உயரத்தை வெல்லும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் லிவர்பூல் திடலில் நிகழ்ந்ததைக் காட்டலாம். பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவன் ஒருவன் பந்தை விரைந்து தந்தான். அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் மூலையை விட்டு விலகிச் செல்வதுபோல் நடந்து, சட்டென்று திரும்பித் தாழ்வாக உதைத்தார். பார்சிலோனா ஆட்டக்காரர்கள் முகம் திருப்பி நிற்க, ஒரிகி அதனைக் காலால் கோலுக்குள் செலுத்தினார். முதல் ஆட்டத்தில் 3-0 எனத் தோற்றிருந்த லிவர்பூல் 4-0 என வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. அக்கோலில் எவர் தலையும் பந்தைத் தொடவில்லை.

தலை என்றதும் பெற்றோர்களிடம் அழுத்தமாக ஒன்று கூற வேண்டியுள்ளது. பால்வெட்டு முடிந்தும் செம்பனை வேலை முடிந்தும் களைப்போடு வந்து பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் உங்கள் அன்பை நாம் அறிவோம். ஆனால் "மண்டையால் அடிடா!" என்ற கூச்சல் வேண்டா. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், மூளை நலிவு நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் வெளியிட்டனர். அது பல்லாண்டுகள் ஆடிய பெரியவர்களைப் பற்றியது. பள்ளியில் ஆடும் பிள்ளைக்கு இன்ன தீங்கு வரும் என்று அதைக்கொண்டு அறுதியிட இயலாது. எனினும் 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் காற்பந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் மோதப் பழக்க வேண்டா என்று அறிவுறுத்தின. காற்பந்து பிறந்த நாடுகளே இவ்வாறு தயங்கும்பொழுது, மாலை மழையில் நனைந்து கனத்த பந்தை நம் பிள்ளைகளின் நெற்றியில் வரிசையாக எறிந்து பழக்குவானேன்? ஆடும்பொழுது தானாக வந்து படுவது வேறு. அதையே பாடமாக்குவது வேறு.

பயிற்சி நாள்களில் கால் மணி நேரத்தை மூலை உதைக்கென ஒதுக்கினால் போதும். பந்து ஒன்று, கொடி ஒன்று, இருபுறமும் பிரிந்து நிற்க ஆறேழு பேர். தோட்டத்துக் குழுவில் முன்பு ஆடிய அண்ணன்மார் யாரேனும் மாலையில் வந்து நின்றால் ஆசிரியருக்குப் பேருதவியாகும். இடக்காலால் உதைக்கும் மாணவன் உங்கள் வீட்டில் இருந்தால் அவனை மாற்ற முயல வேண்டா. வலப்புற மூலையிலிருந்து பந்தைக் கோலை நோக்கி வளைத்து அனுப்ப அவனைப்போல் எளிதில் இயலுபவர் குழுவில் வேறொருவர் இருக்கமாட்டார். அவன் எத்தனை அடி உயரம் என்று அன்று எவரும் கேட்கப் போவதில்லை.