பழைய வீணையின் மெட்டுகளை எறிந்துவிடாதீர்கள்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்தும், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படிதோறும் திருப்புகழ் பாடியும் திருத்தணிகை மலை ஏறுகிற ஜனத்திரளில், முத்துஸ்வாமி தீட்சிதர் தமது முதற்கிருதியைப் பாடிய ஸ்தலம் இதுவே என்று நினைத்துக்கொள்கிறவர்கள் மிகச் சிலரே. முருகப்பெருமானே முதியவர் வடிவில் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டான் என்றும், அந்தத் தித்திப்பு மாறுமுன் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பிறந்தது என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

தீட்சிதர் வைணிகர். காசியில் சிதம்பரநாத யோகியிடம் இருந்த காலத்தில் கங்கையிலே அவருக்குக் கிடைத்ததாகக் கூறப்படும் வீணையில், யாளிமுகம் வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கி இருக்கும் என்றும், ராம நாமம் பொறித்திருக்கும் என்றும், வம்சத்தார் அதனைப் போற்றிக் காத்து வந்தனர் என்றும் சங்கீத உலகம் அறியும். மகான் ஒருவரின் கைபட்டது என்ற பக்தியால் அது பிழைத்தது. பெயர் தெரியாத வித்வான்களும், வீட்டுப் பெண்மணிகளும் தலைமுறை தலைமுறையாக வாசித்த வீணைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வீணைக்கு மேளம் கட்டுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தேன்மெழுகில் கரிப்பொடி கலந்த கலவையைத் தண்டியின் மேல் இரு வரிசையாக இட்டு, 24 மெட்டுகளையும் ஸ்வரஸ்தானம் பார்த்துக் காதாலேயே நிறுத்துகிறார்கள். வெயிலுக்குப் பெயர்போன திருத்தணி போன்ற ஊர்களில் கோடைதோறும் மெழுகு இளகி மெட்டு சாயுமாதலால், மறுபடி மேளம் கட்டுவது தவிர்க்க முடியாத காரியம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போது பழைய மெட்டுகளைப் பிடுங்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுவதுதான் நெஞ்சைச் சுடுகிறது. எந்த ஸ்வரத்தில் தந்தியை எவ்வளவு தூரம் இழுத்துக் கமகம் பிடித்தார்கள் என்பதற்கு, அந்த மெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளங்களே சாட்சி. தீட்சிதரின் சௌக்க காலக் கிருதிகளை வாசித்த விரல்களின் சரித்திரத்தை அவற்றைப்போல் வேறெதுவும் சொல்லாது. தந்தப் பிருடையைக் கழற்றி பிளாஸ்டிக் மாட்டுவதும், சுரைக்காயை மாற்றி ஃபைபர் குடுக்கை பொருத்துவதும், மைக்குக்காகப் பலகையில் துளையிடுவதும் இதே ரகத்தைச் சேர்ந்த நஷ்டங்கள்.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் நமக்கு முந்திக்கொண்டார்கள். 1954-இல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் எலெக்ட்ரிக் கிட்டார் இன்று ஒருவர் கைக்கு வருமானால், முதலில் அவர் பார்ப்பது உள்ளே ஈயப்பற்று கலையாமல் இருக்கிறதா, பிக்-அப்பும் திருகாணியும் ஆதியில் இருந்தவைதாமா என்பதையே. மங்கிப்போன வர்ணத்தின் மேல் புதுப் பூச்சுப் பூசினால் அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தொழிற்சாலையில் செய்த வாத்தியத்துக்கே அத்தனை மரியாதையென்றால், பலாமரத்தைக் கையால் குடைந்து செய்த நம் வீணைக்கு எவ்வளவு வேண்டும்? அயலாரிடம் கற்பதில் குறைவொன்றும் இல்லை. தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தாமே ஐரோப்பியரின் பிடிலைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாகச் செய்யும் வீணைக்கு அது காப்பு. பரணில் கிடக்கும் பழைய வீணைக்கோ வீட்டாரைத் தவிர வேறு காப்பு இல்லை. ஆகவே வீணையைப் பழுது பார்க்கக் கொடுக்கிறவர்கள், கழற்றிய மெட்டு, பிருடை, குதிரை, சுரைக்காய் யாவற்றையும் ஆசாரியிடம் கேட்டு வாங்கி, யார் வாசித்த வீணை, எந்த வருஷம் மாற்றியது என்று ஒரு சீட்டில் எழுதி, ஒரு துணிப்பையில் கட்டி அந்த வீணையோடேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.