அசையாதவன் அறியாதவனா?

சஸ்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், "வயிற்றைக் கிழித்தபோது எனக்கு நினைவிருந்தது, டாக்டர்கள் பேசியது காதில் விழுந்தது, கத்தப் பார்த்தேன், நாக்கு எழவில்லை" என்று சொன்னால் நாம் என்ன சொல்லுகிறோம்? மருந்து வேகத்தில் கண்ட கனவு என்கிறோம். இன்னும் கொஞ்சம் "ஞானம்" உள்ளவர் வந்து, ஆவி வெளியே போய் நின்று பார்த்தது என்கிறார். பட்டவன் சொல்லும் வலியை மாத்திரம் வலியென்று ஒப்புக்கொள்ள ஆளில்லை.

வாஸ்தவம் என்னவென்றால், பெரிய சிகிச்சைகளில் பெரும்பாலும் தூங்கவைக்க ஒரு மருந்தும், தசைகளைத் தளர்த்த வேறொரு மருந்தும் கொடுக்கிறார்கள். தென்னமெரிக்க வேடர் அம்பில் தடவிய குராரே என்ற விஷத்தை 1942-ல் மான்ட்ரியல் நகரில் டாக்டர் ஹெரால்டு கிரிஃபித் இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். அதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. ஆனால் அந்த மருந்து கையைக் கட்டுமே தவிர மூளையைக் கட்டாது. தூக்க மருந்து குறைந்துபோனால் பிணம்போல் கிடப்பவனுக்கு எல்லாம் தெரியும். அசைவில்லாததைக் கொண்டு அறிவில்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், நினைவிருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 பேருக்கு ஒருவர்தான். ஆனால் தசை மருந்து கொடுத்த இடத்தில் அது சுமார் 8,000-க்கு ஒருவர்; கொடுக்காத இடத்தில் 1,36,000-க்கு ஒருவர். குற்றம் எங்கே என்று இந்தக் கணக்கே காட்டவில்லையா?

மூளையையே கேட்கும் வழி ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கரிடமிருந்து வந்தது. அந்தக் கதை வேடிக்கையானது. வாலிபத்தில் பட்டாளத்திலிருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து பீரங்கி வண்டிச் சக்கரத்துக்குத் தப்பினார். அன்றைக்கே, தமக்கை கவலைப்பட்டதாக வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனம் மனத்தோடு பேசிவிட்டதென்று நம்பி, அந்தச் சக்தியைத் தேடப் புறப்பட்டார். அது கிடைக்கவில்லை. 1924-ல் கிடைத்தது மண்டையோட்டுக்கு வெளியே அளக்கக்கூடிய அற்ப மின்சாரம். 1929-ல் அதைக் கோடுகளாக அச்சிட்டு வெளியிட்டார். தூக்கம் ஆழமாக ஆழமாக அந்தக் கோடு மாறுகிறது.

நியூயார்க்கில் நினைவு மங்கிக் கிடந்தவர்கள் முதலான 570 நோயாளிகளின் தலையில் கம்பி ஒட்டி இடைவிடாமல் பார்த்து, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். 110 பேருக்கு வலிப்பு இருந்தது. அதில் 101 பேருக்குக் கை கால் வெட்டி இழுக்கவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்றே நினைத்திருப்பார்.

இனி, இயந்திரம் சொன்னதெல்லாம் வேதம் என்று சிலர் கிளம்பக்கூடும். மூளை அலையை 0 முதல் 100 வரை எண்ணாக்கிக் காட்டும் கருவி உண்டு. 40-க்கும் 60-க்கும் நடுவே நிறுத்தச் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் சுமார் 2,000 பேரைப் பார்த்து 2008-ல் வெளியிட்ட சோதனையில், இந்த எண்ணைக் கவனித்த பிரிவிலும் இரண்டு பேருக்கு நினைவிருந்தது. வெளிவிடும் மூச்சில் மயக்க வாயுவை அளந்த பிரிவிலும் இரண்டே பேர். ஆகவே வாயு கொடுக்குமிடத்தில் மூச்சை அளந்தாலே போதும் என்பது நம் அபிப்பிராயம். தூக்க மருந்தை நரம்பு வழியாகவே ஏற்றி, தசையையும் கட்டிவிட்டால், அளப்பதற்கு மூச்சில் ஒன்றுமில்லை. அங்கே மூளை அலையைப் பார்க்காமலிருப்பது நியாயமாகாது. செலவென்று சொல்லித் தட்டிக் கழிப்பதை நாம் ஒப்பமாட்டோம்.

சிகிச்சைக்கு முந்திய நாளே மயக்க டாக்டரிடம், "தசை மருந்து உண்டா? தூக்கத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல. பிறகு யாராவது "எனக்கு நினைவிருந்தது" என்று சொன்னால், எந்த மருந்து எந்த மணிக்குக் கொடுத்தார்களென்று எழுதிய ஏடு ஆஸ்பத்திரியில் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.