மூன்றாவது பீரியடில் கவிழும் தலைகள்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மாதம்தான். அம்மாப்பேட்டை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாக உயிரியல் நடத்துகிறேன். குறுவை நடவு தொடங்கிவிட்டால் அம்மாக்கள் விடியுமுன் வயலில் இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் கையில் பத்து ரூபாயோடு ஏழேகால் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

அந்தப் பத்து ரூபாய் பெட்டிக்கடையில் ஒரு மசாலா பாக்கெட்டாகவும் ஒரு கிரீம் பிஸ்கட்டாகவும் மாறும். இருபது இருந்தால் கால் லிட்டர் கூல்டிரிங்க்ஸ். அதில் மட்டும் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை. நாள் முழுக்கவே அந்த அளவுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் முதல் பீரியடில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவான். மூன்றாவது பீரியடில் பெஞ்சில் கவிழ்ந்துவிடுவான், எழுப்பினால் சீறுவான். ஒருநாள் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவனே அழுதான். திமிர் என்றுதான் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம், நானும் சேர்ந்து. “காலையில என்னடா சாப்பிட்ட?” என்று கேட்க எனக்கு ஆகஸ்ட் ஆகிவிட்டது. “அம்மா நடவுக்குப் போயிடுச்சு டீச்சர்” என்றான்.

வெறும் வயிற்றில் போகும் சர்க்கரை ரத்தத்தில் விறுவிறுவென ஏறும். இன்சுலின் அதைச் சடாரென இறக்கும்போது அட்ரினலின் சுரக்கும். சிலருக்குக் கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். நானே நடத்துகிற பாடம் இது! மனச்சோர்வுக்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பரீட்சைப் பயம், வீட்டுக் கடன், அப்பாவின் குடி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. மனச்சோர்வு அறிகுறி இருந்த 76 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குப் பாக்கெட் பண்டங்களையும் இனிப்பு பானங்களையும் குறைத்து, காய்கறி, மீன், முழுத்தானியம் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றே வாரத்தில் அவர்களின் சோர்வு நன்றாகவே தணிந்தது. சிறிய ஆய்வுதான். என் வகுப்பறைக்கு அது போதும்.

முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுக்க விரிந்தது எங்கள் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சூடான சாம்பார். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அந்தச் சாம்பார் மணக்கும்போது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் சுவரோரம் நிற்பதைப் பார்க்கிறேன். போன வருடம் வரை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சிறுபிள்ளைகளுக்குத் தொடங்கிய சத்துணவு, 1984-லேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. காலை உணவும் அப்படி வளர வேண்டும், பிளஸ் டூ வரை. அந்தப் பையனுக்காக என் டிபன் பாக்ஸில் மூன்று இட்லி கூடுதலாக வைக்கிறேன். அவன் வகுப்பில் 41 பேர். அடுத்த குறுவைக்கு நாற்று விடுமுன் அரசு காலை உணவை விரிவாக்க முடிவு செய்ய வேண்டும்.