விருது உண்டு, இருக்கை இல்லை

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் இந்தியாவின் ஆஷா ஊழியர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை வழங்கியது. பிரதமரும் மகிழ்ச்சி தெரிவித்தார். சுமார் பத்து லட்சம் பெண்களைத் தலைவர்கள் என்று உலகம் அழைத்தது. அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கக்கூட ஒன்றிய அரசுக்கு மனமில்லை. அரசின் ஏட்டில் அவர்கள் இன்றும் தன்னார்வலர்களே.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்ற ஏற்பாடு வந்தது. முடித்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை என்பது விதி. இந்த விதியின் அநீதி குறித்து நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். விதிகளை வகுக்கும் அவையில் இப்பெண்களுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விதான் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

மருத்துவமனையில் பிறந்து வீடு திரும்பிய சிசுவை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்த்தால் ஆஷாவுக்கு 250 ரூபாய். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண், இருபதாம் நாளில் கைக்குழந்தையோடு புகுந்த வீடு திரும்புகிறாள். இரு ஊர் ஆஷாக்களும் மும்மூன்று முறை நடந்திருப்பார்கள். தொகை யாருக்கு? இந்திய வீடுகளின் வழக்கம் அறிந்தவருக்கு இக்கேள்வி உடனே எழும்.  எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்குக் கொள்கை பற்றி என்ன தெரியும் என்று கேட்கும் அதிகாரிகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஹரியானாவில் 2021இல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. பணிக்கென அரசு வழங்கிய கைபேசிகளில், இருப்பிடத்தைக் கண்காணிக்கக்கூடிய 'எம்.டி.எம். 360 ஷீல்டு' செயலியை ஏற்றச் சொன்னார்கள். ஊழியரிடம் கலந்து பேசாத நிர்வாகம், அவர் எங்கே நிற்கிறார் என்று அறிய மட்டும் ஆவல் கொண்டது! ஆஷாக்கள் அதை எதிர்த்துப் போராடினர்.

கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவில் ஆஷாவுக்கு இடம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதியைக் கையாளும் அக்குழுவோடு அவரது குரல் நின்றுவிடுகிறது. கிராமத் திட்டத்திலிருந்து மாவட்டத் திட்டமும், அதிலிருந்து மாநிலத் திட்டமும் எழும் என்பது இயக்கத்தின் வாக்குறுதி. நடப்பதோ நேர்மாறு: இலக்கு மேலிருந்து இறங்குகிறது, பழி கீழே தங்குகிறது.

குரலும் உரிமையும் பிரிக்க முடியாதவை. எந்த நாளும் நீக்கப்படலாம் என்ற நிலையில் உள்ள ஒருவர், மருந்து இருப்பு இல்லை என்றோ பதிவேடு பொய் என்றோ கூட்டத்தில் எழுந்து சொல்ல மாட்டார். எனவே, திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என்ற 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரை முதலில் நிறைவேற வேண்டும். அத்துடன், மாவட்ட, மாநில சுகாதார இயக்கக் குழுக்களில் ஆஷாக்களின் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு அமர வேண்டும். அப்பிரதிநிதிகளை அதிகாரிகள் நியமிக்கக் கூடாது. ஆஷாக்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.