இரு வாசற் கணினி

ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்று கருதி, வெவ்வேறு நிறுவனத்தாரிடம் இரண்டு இணையத் தொடுப்புக்களைப் பெற்று, அவ்விரண்டையும் லினக்ஸ் கணினி ஒன்றிலே கொண்டுவந்து பூட்டுவோர் பலர். மாணாக்கரின் பயிற்சிகளை ஏற்கும் பாடசாலைக் கணினியாயின் என்ன, சிறு வணிகரின் கணக்குக் கணினியாயின் என்ன, செய்கை ஒன்றே. மாதந்தோறும் இரண்டு கட்டணமும் தவறாது செலுத்தப்படுகின்றன. ஆயினும், இரண்டாவது தொடுப்பின் விலாசத்தைக் கொண்டு வெளியிலிருந்து அக்கணினியை அணுகிப் பார்ப்பின், பெரும்பாலும் மறுமொழி வராது. முதலாவது தொடுப்பு நலமாயிருக்கும்வரை இக்குறை எவர் கண்ணிலும் படுவதில்லை. அது அறுந்த அன்றுதான், காப்பென்று நம்பியிருந்த வாசல் ஊமை வாசல் என்பது தெரியவரும். அந்நாள் பயிற்சிகளை ஒப்படைக்கவேண்டிய கடைசி நாளாகவும் அமைந்துவிடலாம்.

இதற்குக் காரணம் யாது என்பதை மாணாக்கருக்காகச் சற்று விரித்துரைப்போம்.

வலையமைப்பிற் செல்லும் ஒவ்வொரு பொதியும் தபாலுறை போன்றது. அனுப்புவோர் விலாசமும் பெறுவோர் விலாசமும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். கேர்னல் எனப்படும் லினக்ஸின் உட்கருவோ, பொதியை வெளியே விடும்போது வழக்கமாகப் பெறுவோர் விலாசத்தையே பார்க்கின்றது. தன்னிடமுள்ள வழி அட்டவணையை விரித்து, அவ்விலாசத்துக்கு மிக நெருங்கிப் பொருந்தும் வரி எதுவோ அதன்படி அனுப்புகின்றது. வேறெந்த வரியும் பொருந்தாவிடின், டிபோல்ட் என்னும் பொதுவழியால் விடுகின்றது. கேள்வி எந்த வாசலால் வந்தது என்பதை அது மனத்திற்கொள்வதில்லை. படலையால் வந்தவரைப் படலையாலேயே வழியனுப்பவேண்டும் என்ற முறை நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. கணினிக்கு அதனை நாமே சொல்லிவைக்கவேண்டும்.

எண்களைக் கொண்டு பார்ப்போம். ஈத்0 என்னும் முதல் வாசலின் விலாசம் 192.0.2.10, அதற்கு அப்பாலுள்ள நுழைவாயில் 192.0.2.1. ஈத்1 என்னும் இரண்டாம் வாசலின் விலாசம் 198.51.100.10, அதன் நுழைவாயில் 198.51.100.1. (இவ்வெண்கள் எவருடைய கணினிக்கும் உரியனவல்ல. நூல்களில் உதாரணங் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.) பொதுவழி முதல் வாசலை நோக்கியிருக்கின்றது. இப்பொழுது 203.0.113.5 என்னும் விலாசமுடைய மாணவி ஒருத்தி, இரண்டாம் வாசலின் விலாசத்துக்கு எழுதுகின்றாள். கேள்வி ஈத்1 வழியாக உள்ளே வருகின்றது. மறுமொழியின் முகப்பில் அனுப்புவோர் விலாசமாக 198.51.100.10 என்பதே எழுதப்படுகின்றது. ஆனால், மறுமொழி வெளியேறுவதோ ஈத்0 வழியாக! முதல் நிறுவனத்தார் அப்பொதியைக் கண்டதும், தமக்குரியதல்லாத விலாசத்தோடு வந்தமையால் அதனை வீசிவிடுகின்றனர். பொய் விலாசமிட்டுத் தாக்குதல் செய்வோரைத் தடுக்கும்பொருட்டு இவ்வாறு செய்யவேண்டுமென 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தப்பட்டுள்ளது. எல்லா நிறுவனங்களும் இதனைப் பின்பற்றுவதில்லை. ஆதலின் ஓரிடத்தில் ஊமையாகும் அமைப்பு இன்னோரிடத்திற் பேசவுங் கூடும். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நிலையிற் பலர் செய்வது, இரண்டாவது பொதுவழி ஒன்றையும் அதே அட்டவணையில் எழுதி, மெட்ரிக் என்னும் எண்ணை ஒன்றுக்கு 100 எனவும் மற்றதற்கு 200 எனவும் இடுவதாகும். சிறிய எண்ணுடைய வழியே எப்பொழுதும் வெல்லும் என்பதால், முதல் வழி அட்டவணையில் இருக்கும்வரை இரண்டாவது வரி வெறும் அலங்காரமே.

சரியான மருந்து 1999 தொடக்கத்திலே வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பில் இருந்தே நமக்குக் கிடைத்து வருகின்றது. ருஷ்யரான அலெக்ஸி குஸ்நெட்சோவ் அமைத்தளித்த முறை இது. ஓர் அட்டவணைக்குப் பதிலாகப் பல அட்டவணைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பொதிக்கு எந்த அட்டவணையைப் பார்ப்பது என்பதை விதிகளால் தீர்மானிக்கலாம். அவ்விதிகள் அனுப்புவோர் விலாசத்தையும் பார்க்கவல்லன. அதுவே நமக்கு வேண்டியது.

கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். இங்கு ஒலிப்பை மட்டும் தருகின்றோம். முதலில், 'ஐபி ரூட் ஆட் 198.51.100.0/24 டெவ் ஈத்1 டேபிள் 102'. அடுத்து, 'ஐபி ரூட் ஆட் டிபோல்ட் வயா 198.51.100.1 டெவ் ஈத்1 டேபிள் 102'. இறுதியாக, 'ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.10 டேபிள் 102'. அதாவது, அனுப்புவோர் விலாசம் 198.51.100.10 ஆயின் 102ஆம் அட்டவணையைப் பார் என்பதாம். முதல் வாசலுக்கும் 101 என்னும் அட்டவணையை இவ்வாறே அமைத்தல் நன்று. பின்னொரு நாள் பொதுவழியை மாற்றினாலும் அவ்வாசல் ஊமையாகாது. மெயின் என்னும் பழைய அட்டவணையை அழித்துவிடலாகாது. கணினி தானாகவே வெளியே ஒன்றைக் கேட்கப் புறப்படும்பொழுது அனுப்புவோர் விலாசம் இன்னும் தீர்மானிக்கப்பட்டிராது. ஆகவே அப்பொழுது மெயின் அட்டவணையே வழிகாட்டும்.

எழுதியது சரிதானா என்று பார்க்க, 'ஐபி ரூட் கெட் 203.0.113.5 ஃப்ரம் 198.51.100.10' என்று கேளுங்கள். ஈத்1 என்று விடை வந்தால் விதி வேலை செய்கின்றது. எமது அபிப்பிராயத்தில், இவ்வொரு கட்டளையை அறிந்தவர் பாதி வைத்தியர் ஆகிவிட்டார். ஊகத்தில் நேரம் போக்காது, கேர்னலையே நேராகக் கேட்டுவிடலாம் அன்றோ?

ஆர்பி ஃபில்டர் என்னும் காவலாளியைப் பற்றியும் ஒரு சொல். அவன் கண்டிப்பான நிலையில், அஃதாவது 1 என்னும் எண்ணில், இருப்பானாயின், வந்த பொதிக்கான மறுவழி அதே வாசலால் செல்லாதவிடத்து அதனை ஓசையின்றி வீசிவிடுவான். விதிகள் ஒழுங்காயின் அவனும் அடங்குவான். அவற்றை எழுதுமுன் டீசிபி டம்ப் கொண்டு பார்ப்போர், கேள்வி ஈத்1இல் வருவதையும் மறுமொழி எவ்வாசலிலும் இல்லாமையையும் கண்டு திகைப்பது பெரும்பாலும் இவனாலேயே.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு குறை எஞ்சும். நிறுவனத்தாரின் தொடுப்பு வெகுதூரத்தில் அறுந்து, வீட்டிலுள்ள ரவுட்டரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், கேர்னலுக்கு அது தெரியாது. முதல் வழியாலேயே பொதிகளை விட்டுக்கொண்டிருக்கும். வெளியுலகை இடையிடையே தொட்டுப் பார்த்துப் பொதுவழியை மாற்றும் சிறு நிரலொன்று தனியே வேண்டும்.

தொலைவிலுள்ள கணினியில் இவற்றைச் செய்வோர் முதலில் 'ஷட்டவுன் -ஆர் +10' என்று இட்டுவைப்பாராக. கை தவறித் தம்மையே வெளியே பூட்டிக்கொண்டாலும், பத்து நிமிடத்திற் கணினி மறுபடி தொடங்கி, பழைய வழிகளோடு எழும். எல்லாம் நலமாயின் 'ஷட்டவுன் -சி' அதனை நிறுத்தும். இதே காரணத்தால், சரிபார்த்த விதிகளை நெற்பிளான் அல்லது நெற்வேர்க் மனேஜர் போன்றவற்றின் கோப்பில் எழுதாவிடின், அடுத்த மின்வெட்டோடு அவையும் மறையும். எழுதிய பின், விடுமுறை நாளொன்றிலே கணினியை மறுபடி தொடங்கி, ஈத்0இன் கம்பியைக் கையாற் கழற்றிவிட்டு, வெளியூரிலுள்ள நண்பர் ஒருவரை 198.51.100.10 என்னும் விலாசத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.