சாணைக்கல்லில் எது உயர்ந்தது?

"கத்தி, கத்திரிக்கோல் சாணை பிடிக்கிறதே...!"

இந்தக் குரலைத் தெருவில் கேட்டு எத்தனை நாளாயிற்று! முன்பெல்லாம் தோளில் சாணைச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் வருவார். திண்ணை ஓரமாக அதை இறக்கிவைத்துக் காலால் மிதிப்பார். சக்கரம் சுழலும், பொறி பறக்கும். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது அவர் வருவதே அபூர்வம். வந்தாலும் மோட்டார் பொருத்திய வண்டியோடு வருகிறார்.

அவர் வராத குறையைக் கடைகள் தீர்த்துவைக்கின்றன. கார்போரண்டம் கல், வெள்ளைக் கல், ஜப்பான் தண்ணீர்க்கல், வைரத்தூள் பதித்த தகடு என்று வகை வகையாக அடுக்கியிருக்கிறார்கள். "இதில் எது ஐயா நல்லது?" என்று கேட்டேன். "சந்தேகமென்ன, வைரம்தான் சார். வைரத்தைவிடக் கடினமான பொருள் உண்டா?" என்றார் கடைக்காரர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு நியாயம் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

சாணை பிடிப்பது என்றால் என்ன? கல்லில் உள்ள நுண்ணிய மணிகள் கத்தியின் இரும்பைச் சுரண்டுகின்றன. இரு பக்கமும் சரிவாகத் தேய்ந்து ஒரே கோட்டில் வந்து சந்தித்தால் அதுவே கூர்மை. சுரண்டும் பொருள் சுரண்டப்படும் பொருளைவிடக் கடினமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் முதல் விதி. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் கனிகளின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை படி வகுத்தார். அந்தக் கணக்கில், பதம் ஏற்றிய கத்தி எஃகு ஏறக்குறைய 6. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் 7. குருந்தக்கல் 9. கார்போரண்டம் அதற்குச் சற்று மேல். வைரம் 10.

கவனியுங்கள்: ஏழே போதும், வேலை நடக்கும்! நம் தாய்மார்கள் அம்மியின் விளிம்பில் கத்தியைத் தீட்டுகிறார்களே, அது எப்படிப் பலிக்கிறது? கருங்கல்லில் குவார்ட்ஸ் மணிகள் கலந்திருப்பதால்தான். அமெரிக்காவின் ஆர்கன்ஸா மலைக்கல் கிட்டத்தட்ட முழுவதும் குவார்ட்ஸே. பெல்ஜியத்தின் ஆர்டென் பிரதேசத்தில் வெட்டப்படும் மஞ்சள் கல்லில் மிகப் பொடியான கார்னெட் மணிகள் இருக்கின்றன. அவற்றின் கடினமும் 7-ஐ ஒட்டியதுதான். இவ்விரு கற்களிலும் சவரக் கத்திகளைத் தீட்டி முகம் மழித்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். கன்னத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் கூர்மையை ஏழாம் படிக் கல்லே கொடுத்திருக்கிறது. ஆகவே கடினம் ஒன்றையே பார்த்துக் கல் வாங்குவது, குரல் பெரிதாக இருக்கிறதே என்று பாடகரைத் தேர்ந்தெடுப்பது போலத்தான்.

அம்மியின் குறை வேறு. அதன் மணிகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒழுங்கு கிடையாது. அதனால் கத்தி முனை ரம்பம் போல ஆகிவிடுகிறது. தக்காளியை அறுக்கும், நாலு நாளில் மழுங்கிவிடும்.

இங்கே நாம் பெருமைப்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. ஆங்கிலத்தில் கொரண்டம் என்று சொல்லும் கனியின் பெயர், நம் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்து போனதுதான். சேலம், கோயம்புத்தூர் வட்டாரங்களில் இந்தக் கல் கிடைத்தது. அதை இடித்துத் தூளாக்கி, உருக்கிய அரக்கோடு சேர்த்துச் சக்கரமாக வார்ப்பது நம் நாட்டுச் சாணைக்காரர்களின் பழைய முறை. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். இரண்டும் இல்லாமல் மங்கலாக இருந்தால் சாணைக்கு! மூன்றும் ஒரே குருந்தம்தான்.

1891-ல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் மின்சார உலையில் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். வைரம் கிடைக்கவில்லை, மினுமினுக்கும் வேறொரு பொருள் கிடைத்தது. அது கரியும் குருந்தமும் சேர்ந்தது என்று எண்ணிக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது கரியும் சிலிக்கானும் சேர்ந்தது. பெயரில் நம் குருந்தம் இருக்கிறது. உடம்பில் ஒரு துளியும் இல்லை! பிறகு பாக்சைட் தாதுவை உலையில் உருக்கிக் குருந்தத்தையும் செயற்கையாகவே செய்யத் தொடங்கினார்கள். அலுமினியம் ஆக்ஸைடு என்று இன்று கடையில் விற்பது அதுவே.

இவ்விரண்டில் எது மேல்? கார்போரண்டம் மணி கூரியது, ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. உடைய உடையப் புதிய முனை கிளம்பும். அதனால் வேகமாகத் தின்னும். அரிவாள், மண்வெட்டி, கோடரி, வாய் சிதைந்துபோன பழங்கத்தி ஆகியவற்றுக்கு அதுவே ஏற்றது. செயற்கைக் குருந்தமோ உறுதியானது, சட்டென்று நொறுங்காது, கீறலும் ஆழமாக விழாது. தினமும் காய்கறி நறுக்கும் கத்திக்கு என் ஓட்டு இதற்கே.

மணியின் ஜாதியைவிட அதன் அளவும், அதைப் பிடித்துவைத்திருக்கும் பசையும் முக்கியம். ஜப்பானியத் தண்ணீர்க்கற்கள் பலவற்றில் பசை இளக்கமாக இருக்கும். தேய்ந்த மணி உதிர்ந்து புதிய மணி மேலே வரும். வேலை சுருக்காக முடியும். ஆனால் கல் சீக்கிரம் குழிந்துவிடும். அடிக்கடி மட்டம் செய்யவேண்டும். அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கல்லின் மேல் 1000 என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஜப்பானியக் கணக்கில் 1000 என்றால் மணியின் குறுக்களவு சுமார் 11.5 மைக்ரான், ஐரோப்பியக் கணக்கில் சாணைக்கல் மணிக்கு அதே 1000 சுமார் 4.5 மைக்ரான். எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் வைரம் வீணா? வீண் என்று நான் சொல்லவில்லை. 9-க்கும் 10-க்கும் இடையே ஒரே ஒரு படிதான் என்றாலும், உண்மையில் வைரம் குருந்தத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கடினமானது. பீங்கான் கத்திகளுக்கும், வனேடியம் மிகுதியாகச் சேர்த்த புதுவகை எஃகுக்கும் வைரம்தான் சரி; அந்த எஃகில் உள்ள சில துகள்கள் குருந்தத்தையே எதிர்த்து நிற்கும். குழிந்த கல்லை மட்டம் செய்யவும் வைரத் தகடு நல்ல துணை. ஆனால் கொல்லர் அடித்துத் தந்த சாதாரணக் கத்திக்கு வைரம் எதற்கு? புதுத் தகடு ஆழமாகக் கீறும். அழுத்தித் தேய்த்தால் பதித்த மணிகளே பெயர்ந்துபோகும்.

இனி, என் வீட்டுக் கதை. என் தாயார் நாற்பது வருஷம் வைத்திருந்த கத்தி ஒன்று. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கேட்ட கூலிக்குப் பாதியில் பேரம் பேசினேன். "தண்ணீர் தொட்டு நிதானமாகப் பிடித்தால் பத்து நிமிஷம் ஆகும் சார். இந்தக் காசுக்குக் கட்டாது" என்றார். "சும்மா பிடியுங்கள், போதும்" என்றேன். மோட்டார் சுழன்றது, இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கத்தியின் விளிம்பு நெடுக நீலம் பாய்ந்திருந்தது. எஃகில் நீலம் கண்டால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போய்விட்டது என்று அர்த்தம், பதம் இறங்கிவிட்டது. ஒரு வாரம் கூடக் கூர்மை நிற்கவில்லை. அந்தச் சக்கரத்தின் கல்லில் குறையில்லை. குறை தண்ணீரில்லாததில். தண்ணீரை மிச்சம் பிடித்தவன் நான்.

போனது என் கத்தி மட்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் மணற்கல் சக்கரத்தில் சாணை பிடித்தவர்கள் மார்நோயால் இளவயதிலேயே மாண்டார்கள். கால்வர்ட் ஹாலண்டு என்ற மருத்துவர் 1843-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். தண்ணீர் விடாமல் உலரப் பிடித்தவர்களின் கதிதான் மிகவும் பரிதாபம். மணற்கல்லின் தூசி குவார்ட்ஸ் தூசி. அது நுரையீரலை அரித்துவிடும். செயற்கைச் சக்கரங்கள் வந்து மணற்கல்லை ஒதுக்கியபின் அந்த ஆபத்து குறைந்தது. வைரத்தின் கடினத்தைவிட, செயற்கைக் குருந்தமும் கார்போரண்டமும் செய்த இந்த உபகாரம் பெரிது என்பேன். ஆயினும் இரும்புத் தூசியும் சாணைத் தூசியும் யாருக்கும் ஆகாரமல்ல. நம் தெருச் சாணைக்காரர் மூக்கைத் துணியால் கூட மூடாமல் அதைத்தான் நாளெல்லாம் சுவாசிக்கிறார்.

ஆகவே என் யோசனை இதுதான். வீட்டுக்கு ஒரு நடுத்தரக் குருந்தக் கல் போதும். நனைத்து, ஒரே சாய்வில், அழுத்தாமல் தேயுங்கள். அது முடியாதவர்கள் சாணைக்காரரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வையுங்கள். "அவசரமில்லை, நனைத்துப் பிடியுங்கள்" என்று சொல்லி, அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். உங்கள் கத்தியும் பிழைக்கும். அவருடைய மார்பும் பிழைக்கும்.